ராஸ்பெரி பையா, பழைய ஆபீஸ் மினி பி.சி.யா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி பழக, ஒரே சிறிய போர்டில் அடங்கும் கம்ப்யூட்டரான ராஸ்பெரி பை 5 வேண்டும் என்கிறான். சென்சார், மோட்டார் எல்லாம் இணைத்துப் பார்க்கவும் ஆசை. 8 ஜி.பி. போர்டு, கேஸ், ஃபேன், சார்ஜர், மெமரி கார்டு சேர்த்து 13,000 ரூபாய் சொல்கிறார்கள். அதே கடையில் எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர் போட்ட பழைய மினி பி.சி. 11,000-க்குக் கிடைக்கிறது. மானிட்டர், கீபோர்டு வீட்டிலேயே இருக்கின்றன. எதை வாங்கலாம்? – தஞ்சாவூர் வாசகி

பதில்: மினி பி.சி.யை வாங்குங்கள். கூடவே ராஸ்பெரி பை பிகோ ஒன்று.

ராஸ்பெரி பை என்றால் '35 டாலர் கம்ப்யூட்டர்' என்பது 2012-இல் முதல் மாடல் வந்தபோது பதிந்த பெயர். 2023-இல் பை 5 வந்தபோதே 8 ஜி.பி. போர்டின் விலை 80 டாலர். அதுவும் வெறும் போர்டு மட்டும். மற்றதெல்லாம் தனித்தனிச் செலவு. உங்கள் பட்டியலிலேயே ஒன்று விட்டுப்போயிருக்கிறது, பாருங்கள். பை 5-இல் இருப்பது மைக்ரோ எச்.டி.எம்.ஐ.; வீட்டு மானிட்டரின் கேபிள் அதில் நுழையாது. சார்ஜரும் 5 வோல்ட், 5 ஆம்பியர் தர வேண்டும். போன் சார்ஜரில் ஓடும்தான், ஆனால் யு.எஸ்.பி.யில் செருகுகிற பொருள்களுக்குப் போகும் மின்சாரத்தைப் போர்டு குறைத்துக்கொள்ளும்.

மினி பி.சி. மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அது மட்டமான சரக்கு என்பதல்ல. கம்பெனிகள் நாலைந்து வருடத்தில் மொத்தமாகக் கழித்துக்கட்டுகின்றன. கடைக்காரருக்கு இடம் காலியானால் போதும். எட்டாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 ஏறும். ஆறு, ஏழாம் தலைமுறை பிராசசர்கள், ஒன்றிரண்டு தவிர, விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் அவற்றின் மவுசு குறைந்துவிட்டது. நல்ல விலைக்கு ஏழாம் தலைமுறை வந்தால் அதையே எடுத்து விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மிண்ட் போடலாம், பைத்தானுக்குத் தாராளம்.

சரி, சென்சாரும் மோட்டாரும்? பையின் உண்மையான சொத்து, அவற்றின் வயர்களை மாட்டும் 40 பின்கள்தான், மினி பி.சி.யில் அவை கிடையாது. அதற்குத்தான் பிகோ. 2021-இல் 4 டாலருக்கு வந்த குட்டி போர்டு. யு.எஸ்.பி. கேபிளில் மினி பி.சி.யோடு இணைத்து, தானி (Thonny) என்ற இலவச மென்பொருளைத் திறந்து, குட்டி போர்டுகளுக்கான பைத்தானாகிய மைக்ரோபைத்தானில் நாலு வரி எழுதினால், போர்டிலேயே உள்ள பச்சை எல்.இ.டி. கண் சிமிட்டும். அப்புறம் பற்றவைக்காமல் வயரைச் செருகும் பிரெட்போர்டு, ஜம்பர் வயர் என்று போகலாம். மோட்டாரை மட்டும் நேராகப் பின்னில் கொடுக்கக் கூடாது, இடையில் டிரைவர் போர்டு வேண்டும்.

நான் பிகோ பக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பை, பிகோ இரண்டின் பின்களும் 3.3 வோல்ட்டுக்கானவை. தெரியாமல் 5 வோல்ட்டைத் தொட வைத்தால் போர்டு போய்விடலாம். பழகும் பையன் ஒருமுறையாவது அதைச் செய்வான், நானே செய்திருக்கிறேன். போவது சில நூறு ரூபாய் என்றால் சிரித்துக்கொண்டு இன்னொன்று வாங்கலாம். வாங்கும்போது பின்கள் பற்றவைத்தே வரும் 'பிகோ எச்' கேளுங்கள். கேபிள் டேட்டா கேபிளாக இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை மாட்டிவிட்டு போர்டு பழுது என்று திட்டுபவர்கள் நிறைய.

கரண்ட் பில் கூடும் என்று யாராவது பயமுறுத்தலாம். சும்மா இருக்கும்போது பை 5 சுமார் 3 வாட் இழுக்கும், மினி பி.சி. 10 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க அணைக்காமலே ஓட்டினாலும் வித்தியாசம் 61 யூனிட்தான். யூனிட் 6 ரூபாய் என்றாலும் 370 ரூபாய்க்குள் அடங்கும். உங்கள் மகன் அப்படி ஓட்டப் போவதில்லை.

கடையில் பணம் கொடுக்கும் முன் அங்கேயே மானிட்டரில் மாட்டி ஓடவிடுங்கள். பெட்டி துவங்கும்போதே திறக்கும் அடிப்படை செட்டிங் திரையான பயாஸுக்குள் நுழைந்து பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள்; கேட்டால் எடுத்துத் தரச் சொல்லுங்கள், முடியாது என்றால் வேண்டாம். உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி. டிஸ்க்கின் நிலையை கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும். வைஃபை கார்டு உள்ளே இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல ஆபீஸ் பெட்டிகளில் இருக்காது. சிலவற்றில் மானிட்டருக்கு எச்.டி.எம்.ஐ. இல்லாமல் டிஸ்பிளேபோர்ட் மட்டும்தான் இருக்கும். அடாப்டர் அதே மாடலுக்கானதா என்பது முக்கியம். ஒரு கடையில் 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று ஏதோ ஒரு அடாப்டரைக் கொடுத்தார்கள். பெட்டி அதை அடையாளம் காணாமல் வேகத்தைக் குறைத்து நத்தையாக ஓடியது. ஒரு வாரம் பிராசசரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பேட்டரியில் ஓடும், கேமரா வைத்த ரோபோ செய்யும் கட்டம் வந்தால் பை தேவைப்படும். அப்போதுகூட 15 டாலருக்கு வந்த பை ஜீரோ 2 டபிள்யூவை முதலில் பாருங்கள். இப்போதைக்கு மகன் 'ராஸ்பெரி பையேதான் வேண்டும்' என்று அடம்பிடித்தால், பிகோவைக் கையில் கொடுத்து அந்தச் சிப்பை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் அதே ராஸ்பெரிப் பழம்தான்.