பிரேக் பிடிக்கலன்னா யார் மேல கேஸ்?

கேள்வி: என் வீட்டுக்காரர் ஓட்டிட்டு போன கார பின்னாடி வந்த சரக்கு லாரி இடிச்சிடுச்சு, கால் உடைஞ்சு படுத்திருக்காரு. டிரைவர் பிரேக் பிடிக்கலங்கறாரு, கம்பெனிக்காரங்க அவரு கான்ட்ராக்ட் ஆளு எங்களுக்கு சம்பந்தமில்லங்கறாங்க, இன்சூரன்ஸ்ல ஒரு தொகைய சொல்லி கையெழுத்து கேக்கறாங்க. யார் மேல கேஸ் போடறது?

பதில்: மொதல்ல அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்கம்மா. இதோட கணக்கு முடிஞ்சுது, இனி எதுவும் கேக்க மாட்டேன்னு அதுல ஒரு வரி இருக்கும், அப்புறம் ரெண்டாவது ஆபரேஷன்னு வந்தா கூட போய் நிக்க முடியாது.

எங்க ஆளு இல்லங்கறது எல்லா கம்பெனியும் எடுத்தவுடனே சொல்றது தான். கோர்ட்ல பொதுவா கான்ட்ராக்ட் பேப்பர மட்டும் பாத்துட்டு விட மாட்டாங்க, வண்டி யாரோடது, எந்த லோடு எத்தன மணிக்கு போய் சேரணும்னு ஆர்டர் போட்டது யாருன்னு தோண்டுவாங்க, கம்பெனி சொல்படி தான் ஓட்டினாருன்னு தெரிஞ்சா அவரு தப்புக்கு கம்பெனியும் சேந்து பதில் சொல்லணும்.

பிரேக் பிடிக்கலன்னு டிரைவர் தன்ன காப்பாத்திக்க தான் சொல்லிருப்பாரு, ஆனா உங்களுக்கு அது நல்ல பிடி. லைனிங் தேஞ்சு போயும் மாத்தாம ஓட விட்டாங்களா, அது ஓனர் தலையில. ஒர்க்ஷாப்ல சரியா மாட்டலையா, அவங்களும் வருவாங்க. அளவுக்கு மீறி லோடு ஏத்தினா இறக்கத்துல பிரேக் சூடாகி பிடிக்காம போகும், அப்போ சரக்கு ஏத்தினவங்களையும் இழுக்கலாம், எடை போட்ட சீட்டு கெடைச்சா போதும். பார்ட்ஸே கோளாறுன்னா தயாரிச்ச கம்பெனி, ஆனா அத நிரூபிக்கறது செலவு பிடிச்ச வேல.

பிரேக்க மிதிச்சாரா இல்லையான்னே பல லாரியில எஞ்சின் கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கும், இடிக்கறதுக்கு முந்தின சில செகண்ட் ஸ்பீடும் சேத்து. மிதிக்கவே இல்லன்னு வந்தா கதையே மாறிடும், தூங்கிட்டாரா போன் பாத்தாரான்னு போகும். ஐரோப்பாவுல நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு எடுக்கணும், அமெரிக்கால சரக்கு லாரிய ஒரு ஷிஃப்ட்ல 11 மணி நேரத்துக்கு மேல ஓட்டக்கூடாது, அத மீறி ஓட்ட வச்சிருந்தா கம்பெனி நேரடியாவே மாட்டும். ஆனா அந்த நேரக் கணக்க அமெரிக்கால 6 மாசம் வச்சிருந்தா போதும்னு தான் ரூல், டேஷ்கேம் வீடியோ அதுக்கும் முன்னாடியே அழிஞ்சிடும். அதனால கேஸ் அப்புறம் போட்டாலும் பரவால்ல, எதையும் அழிக்காதீங்க, வண்டிய ரிப்பேருக்கு விடாதீங்கன்னு வக்கீல் நோட்டீஸ் இந்த வாரமே போகணும்.

உங்க வீட்டுக்காரர் திடீர்னு நிறுத்திட்டாரு, பின் லைட் எரியலன்னு எதிர் தரப்பு கண்டிப்பா கெளப்பும், அவரு மேலயும் பாதி தப்புன்னு ஆனா நஷ்டஈடு அந்த அளவுக்கு குறையும், சில இடத்துல சுத்தமா கெடைக்காமலும் போகலாம். அதனால உங்க கார ஸ்கிராப்புக்கு தள்ளி விட்றாதீங்க, பழைய மாடல் பல்பா இருந்தா உள்ள இருக்கற கம்பி வளைஞ்சிருக்கற விதத்த வச்சே இடிச்சப்போ எரிஞ்சிட்டிருந்துதான்னு எக்ஸ்பர்ட் சொல்லிடுவாரு.