ஸ்டட்டைத் தடவிப் பாருங்கோ

கேள்வி: மகன் றக்பி டீமில சேர்ந்திட்டான், வாற கிழமை முதல் மட்ச். என்ன வாங்கிறது? - ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அம்மா, முதல்ல மௌத்கார்ட், மற்றதெல்லாம் பிறகு. சுடுதண்ணியில போட்டு இளகினாப்போல பல்லில வைச்சுக் கடிக்கிற சாமான், பைக்கற்றில போட்டிருக்கிற நேரத்துக்கு மேல விட்டா சுருண்டுபோம். பூட்ஸின்ர அடியில இருக்கிற குமிழ், அதுதான் ஸ்டட், 21 மில்லிமீற்றருக்கு மேல நீளக்கூடாது, விரலால தடவிப் பாருங்கோ, சீமெந்தில நடந்து விளிம்பு கூராயிருந்தா றெபறி இறங்க விடமாட்டார், கழட்டி மாத்துங்கோ. புதுப் பூட்ஸை மட்ச் அண்டைக்குத்தான் போடுவன் எண்டு பெடியன் நிப்பான், குதிக்கால் கொப்புளிச்சிடும், இப்பவே புல்லில போட்டு ஓடட்டும். தலைக்குப் போடுற ஸ்க்ரம் கேப் காதைத்தான் காப்பாத்தும், மூளை அதிர்ச்சியைத் தடுக்காது, அதை நம்பித் தலையைக் குடுக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. கழுத்துச் சங்கிலி வீட்டிலயே கிடக்கட்டும்.