அறுபது பல் சக்கரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். பகலில் ஒரு நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் வேலை. இரவில், உடலில் அணியக்கூடிய, எதற்கும் பயன்படாத இயந்திரங்களைச் செய்கிறேன். இதுவரை மூன்று முடிந்திருக்கின்றன. யாராவது நெருங்கி வந்தால் குடைக்கம்பிகள் விரிந்து முகத்தை மறைக்கும் கழுத்துப்பட்டை ஒன்று. எதிரே வருபவருக்குத் தானே உயர்ந்து மரியாதை செய்யும் தொப்பி இன்னொன்று. மூன்றாவது தோளில் மாட்டும் சட்டகம். அதை அணிந்தவர் ஐந்து நிமிடம் எவரிடமும் பேசாமல் இருந்தால், பின்னாலிருந்து ஒரு மரக்கை வந்து முதுகில் தட்டிக்கொடுக்கும். மைக், பாட்டரி, சர்வோ மோட்டார் எல்லாம் துணிக்கு அடியில் மறைந்திருக்கும்.

பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த நொடியே "இதனால் என்ன பயன்?" என்கிறார்கள். ஒரு சிறு கண்காட்சியில் மரக்கை அரைமணி நேரத்திலேயே நின்றுவிட்டது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு நானே ரெசின் என்னும் திரவப் பிளாஸ்டிக்கில் வார்த்த பற்சக்கரம் அது, பற்கள் மழுங்கிவிட்டன. அதன்பிறகு நேரில் காட்டுவதை விட்டுவிட்டேன். நன்றாக இயங்கிய சில நொடிகளை மட்டும் வெட்டி எடுத்து வீடியோவாக வெளியிடுகிறேன். சுவிஸ் சிற்பி டிங்கெலியின் இயந்திரமே பாதியில் உடைந்ததுதானே என்று என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

இது கலையா, விளையாட்டுப் பொருளா? பயன் கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? வேலையை விட்டு இதில் முழுதாக இறங்கலாமா?

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த வாரம் என் மேசைமேல் ஒரு பழைய தகரப் பெட்டி திறந்தபடி இருந்தது. அதற்குள் என் அப்பா செய்த ஒரு பொருள் இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு அதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன்.

கதவைச் சாத்திக்கொண்டு ரெசின் வார்க்கிறீர்களா? எவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள்! ரெபெக்கா ஹார்ன் என்ற ஜெர்மானியக் கலைஞரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1960களில், மாணவியாக இருந்தபோது, முகக்கவசம் இல்லாமல் பாலியெஸ்டர் ரெசினிலும் கண்ணாடி இழையிலும் வேலை செய்தார். நுரையீரல் நஞ்சேறிப்போய் நீண்ட காலம் சானடோரியத்தில் கிடந்தார். படுக்கையில் இருந்தபடி செய்யக்கூடியது தையல் ஒன்றுதான். அதனால் துணிக்கு வந்தார். உடலோடு கட்டிக்கொள்ளும் பொருள்களை அங்கிருந்துதான் தொடங்கினார். 1972இல் செய்த 'விரல் கையுறைகள்' துணியாலும் மெல்லிய மரத்தாலும் ஆனவை. ஒவ்வொரு விரலும் தரையைத் தொடும் அளவுக்கு நீளம். அவற்றை மாட்டிக்கொண்டு, நின்றபடியே, குனியாமல், தரையில் கிடப்பதைத் தடவிப் பார்க்கலாம். அதே ஆண்டில் செய்த இன்னொன்று முகத்தில் கட்டும் பட்டைகள். பட்டைகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு பென்சில். சுவர் முன்னால் நின்று தலையை இருபக்கமும் அசைத்தால் முகம் படம் வரையும். பார்ப்பதற்கு அபத்தம்தான். ஆனால் தொடமுடியாமல், வெளியே போகமுடியாமல் கிடந்த ஓர் உடல், அறையின் மறுகோடி வரை நீள விரும்பியதை அந்த விரல்களில் பார்க்கிறேன். 2024இல் அவர் இறந்தபோது எனக்கு நெருங்கிய ஒருவரை இழந்ததுபோல் இருந்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ரெசின் ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் வாங்குங்கள், துணிக்கவசம் போதாது. அதுவரை ரெசினைத் தொடாதீர்கள். பித்தளையில் பல் வெட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

கலையா விளையாட்டுப் பொருளா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. அலெக்சாண்டர் கால்டர் உங்களைப் போலவே இயந்திரப் பொறியியல் படித்தவர், 1919இல் பட்டம் பெற்றவர். 1926 முதல் சில ஆண்டுகள், கம்பி, தக்கை, துணி கொண்டு ஒரு சர்க்கஸ் முழுவதையும் செய்தார். தரையில் மண்டியிட்டு, தன் பெரிய கைகளால் அந்தச் சிறு கோமாளிகளையும் குதிரைகளையும் இயக்கிக் காட்டினார். இன்று அது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் தீர்ந்த வழக்கு. வேலையை விடுவது பற்றி: விடாதீர்கள். வரைபடப் பிரிவில் இருப்பவருக்கு லேத்தும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் நில்லுங்கள்.

இப்போது வீடியோ. இதை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

டிங்கெலியின் பெயரைச் சொல்லித் தேற்றிக்கொள்கிறீர்கள். அன்று நடந்தது என்ன? 1960 மார்ச் மாதம், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை ழான் டிங்கெலி நிறுத்தினார். சைக்கிள் சக்கரங்கள், ஒரு பியானோ, குளியல்தொட்டி, பழைய மோட்டார்கள் என்று குப்பையிலிருந்து பொறுக்கியவை. பெல் ஆய்வகத்துப் பொறியாளர் பில்லி க்ளூவர் உதவினார். 27 நிமிடம் ஓடியது. பல பாகங்கள் திட்டமிட்டபடி இயங்கவில்லை. தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர் வந்து அணைக்க வேண்டியிருந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அது இருநூறு முந்நூறு கண்களுக்கு முன்னால், குளிரில் நின்றவர்களுக்கு முன்னால் நடந்தது! அவர் அழைத்த கூட்டம், அவர் கண்ணெதிரே, அவர் இயந்திரம் அவர் பேச்சைக் கேட்காமல் போனதைப் பார்த்தது. நீங்கள் செய்தது அதுவல்ல. உங்கள் இயந்திரம் இறந்த நொடியை வெட்டி எறிந்துவிட்டு, உயிரோடு இருந்த நொடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுகிறீர்கள். டிங்கெலியின் உடைவுக்கும் உங்கள் உடைவுக்கும் எந்த உறவும் இல்லை. அவர் பெயரை இதற்கு இழுக்காதீர்கள்.

ஜப்பானில் கெஞ்சி கவகாமி 'சிந்தோகு' என்ற பெயரில் அபத்தக் கண்டுபிடிப்புகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். உண்மையான பயனுக்காக அது இருக்கக் கூடாது என்பது ஒரு விதி. எனக்குப் பிடித்தது வேறொன்று: அது இருந்தே ஆக வேண்டும். வரைந்தால் போதாது, சொன்னால் போதாது. கையில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். சில நொடி மட்டும் இயங்கும் உங்கள் மரக்கை இந்த விதிப்படி இன்னும் பிறக்கவில்லை.

ஆர்தர் கான்சன் என்ற அமெரிக்கச் சிற்பியின் இயந்திரம் ஒன்றையும் சொல்கிறேன். ஒரு மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று ஓடுகிறது. அதை அடுத்து 12 ஜோடிப் பற்சக்கரங்கள். ஒவ்வொரு ஜோடியும் வேகத்தை ஐம்பதில் ஒன்றாகக் குறைக்கிறது. கடைசிச் சக்கரம் ஒரு முழுச் சுற்று வர இரண்டு லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே அதை அவர் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிட்டார். மோட்டாரும் கவலையின்றி ஓடிக்கொண்டே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். நடுவில் ஒரே ஒரு சக்கரம் பொய்யாக இருந்தாலும், அதாவது அடுத்ததோடு பல் கோக்காமல் சும்மா நின்றாலும், எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் அந்தச் சிற்பம் அந்தக் கணமே செத்துப்போயிருக்கும். அங்கே என்னை நிறுத்தி வைப்பது, பன்னிரண்டும் உண்மையிலேயே கோத்திருக்கின்றன என்பதுதான்.

பல் என்றதும் அப்பாவிடம் வந்துவிட்டேன்.

அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். 58 வயதில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய். அந்த நடுக்கத்துக்கு ஒரு குணம் உண்டு. கை மடியில் சும்மா கிடக்கும்போதுதான் ஆடும், வினாடிக்கு 4 முதல் 6 முறை. வேலையில் இறங்கினால் சற்று அடங்கும். தூக்கத்தில் நின்றுவிடும். ஆகவே இன்னும் சில காலம் அவரால் தொழில் செய்திருக்க முடியும். ஆனால் கடிகாரத்தோடு வந்தவர்கள் முதலில் பார்த்தது மேசைமேல் கிடந்த அந்தக் கையை. பிறகு வருகிறோம் என்று சொல்லி, கடிகாரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

தானியங்கிக் கைக்கடிகாரத்தின் உள்ளே அரைவட்டமாக ஓர் எடை இருக்கும். கை அசையும்போதெல்லாம் அது ஊசலாடி உள்ளிருக்கும் சுருள்வில்லை முறுக்கும். வாழ்நாளெல்லாம் அதைத் துடைத்து எண்ணெயிட்டவர் அப்பா. ஒருநாள் பித்தளைத் தகட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மணிக்கட்டில் கட்டும் தோல்பட்டை. அதன்மேல் ஒரு தட்டு. தட்டில், முனையில் ஈயக்குண்டு வைத்த சிறிய நெம்புகோல். கை ஒருமுறை நடுங்கினால் நெம்புகோல் ஒருமுறை ஆடும். அது 60 பல் சக்கரத்தை ஒரு பல் தள்ளும். சக்கரம் பின்னால் நழுவாமல் ஓர் எஃகு நாக்கு பிடித்துக்கொள்ளும். ஒரு முழுச் சுற்று முடிந்ததும் மேலே உட்கார்ந்திருக்கும் தகரக் குருவி ஒருமுறை இறகடிக்கும். வினாடிக்கு ஐந்து நடுக்கம் என்றால் 12 வினாடிக்கு ஓர் இறகடிப்பு. அவ்வளவுதான் அது செய்தது.

அந்தச் சக்கரத்தின் பற்களை அராவியவன் நான். அப்போது எனக்கு 14 வயது. முக்கோண அரத்தை வைத்துக்கொண்டு நான்கு மாலைகள். ஒரு பல் சற்றுச் சாய்ந்துவிட்டது. அந்த இடம் வந்தால் நாக்கு பிடிக்காமல் வழுக்கும். ஓரிரு முறை தடுமாறிய பிறகே சக்கரம் நகரும். குருவி ஒரு வினாடி தாமதித்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். அப்பா பதில் பேசாமல் புதிய தகட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். இரண்டாவது சக்கரம் முடிந்த அன்றுதான் சொன்னார்: "மணி காட்டும் கடிகாரம் தப்பினால் பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். இந்தக் குருவிக்குப் பக்கத்து வீடு கிடையாது."

அவர் அதை வீட்டில் கட்டிக்கொண்டே இருந்தார். வாசலில் பழக்கமில்லாத குரல் கேட்டால் நடுக்கம் பெரிதாகும். நெம்புகோல் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாது. குருவி அடிக்கடி அடிக்கும். அம்மா சமையலறையிலிருந்தே அந்தத் தகரச் சத்தத்தைக் கேட்டு எழுந்து வருவாள். அவர் நாற்காலியிலேயே தூங்கிப்போனால் குருவியும் நின்றிருக்கும். உறவினர் ஒருவர் நல்ல மனதோடுதான் ஒரு யோசனை சொன்னார்: இதில் ஓர் எண்காட்டி பொருத்தினால் நாளைக்கு எத்தனை முறை நடுங்கியது என்று மருத்துவரிடம் காட்டலாமே, உபயோகமாக இருக்குமே என்று. அப்பா பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "எண்ணுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்றார். உறவினர் கிளம்பிப் போன பிறகுதான் மறுபடி கட்டினார்.

க., உங்கள் தொப்பியை விட்டுவிடுங்கள். 1896இலேயே ஜேம்ஸ் பாயில் என்ற அமெரிக்கர், குனிந்தால் தானே உயர்ந்து வணங்கும் தொப்பிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அவர் அதைப் பயனுள்ள பொருளாக நம்பித்தான் செய்தார். ஒருவகையில் உங்களுடையதைவிட நேர்மையான தொப்பி அது: அணிந்தவர் குனிந்தால்தான் உள்ளே எடை சாய்ந்து கொக்கி விடுபடும். கழுத்துப்பட்டையும் போகட்டும். மரக்கையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது மிக நல்ல எண்ணம். யாரோ ஒருத்தி ஒரு முழு நாள் எவரோடும் பேசாமல் இருந்திருந்தால் ஒழிய அப்படியொன்று தோன்றாது என்று நினைக்கிறேன். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

ஆனால் அதற்குள் ஏன் மைக்கையும் டைமரையும் வைத்தீர்கள்? அணிந்தவரின் தனிமையை ஒரு மின்னணுச் சில்லு அளந்து, ஒரு மோட்டாரிடம் சொல்லி, அது வந்து தட்டுகிறது. அணிந்தவர் சும்மா நிற்கும் ஆணியாகிவிட்டார். உடலில் மாட்டும் இயந்திரத்துக்கு உடல்தான் விசை தர வேண்டும். மார்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது மார்பு விரியும். அந்த இழுப்பு ஒரு நெம்புகோலை ஆட்டி 60 பல் சக்கரத்தை ஒரு பல் தள்ளட்டும், கூடவே ஒரு சுருள்வில்லைச் சிறிது இறுக்கட்டும். அறுபதாவது பல்லில் கொக்கி விடுபட்டு வில் கையை வீசட்டும். அமைதியாக இருப்பவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பதினைந்து என்று வைத்தால் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கை வரும். நீங்கள் வைத்த ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள்! பதறினால் மூச்சு வேகமாகும், கை சீக்கிரம் வரும். அழுதால் இன்னும் சீக்கிரம். துணியால் எதையும் மூடாதீர்கள். சக்கரமும் நாக்கும் பார்ப்பவர் கண்ணில் படட்டும். அதைப் போட்டுக்கொண்டு ஓர் அறையில் ஆறு மணி நேரம் மனிதர்கள் நடுவே உட்காருங்கள்.

அப்பாவின் பட்டையை நேற்று என் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தேன். என் கை நடுங்குவதில்லை. வேண்டுமென்றே ஆட்டினால் குருவி அடிக்கிறது, ஆனால் எனக்கு அந்தத் தாளகதி வரவில்லை. பிறகு எண்ணெய் மட்டும் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

உங்கள் மரக்கை மறுபடி நிற்கும். நின்றதும் எழுதுங்கள்: எந்தப் பல், எத்தனையாவது மணி நேரத்தில், அப்போது எதிரே யார் இருந்தார்கள் என்று. வீடியோ அனுப்ப வேண்டாம். உடைந்த சக்கரத்தை அனுப்புங்கள்.