கேள்வி பதில்: எழுதாத மிதவைப்புள்ளிக் கட்டளை எங்கிருந்து வருகிறது?

கேள்வி (பெரம்பூர்): ஆர்ம் 64 பிட் சிப்புக்குப் பூட்லோடர் (சிப் இயங்கத் தொடங்கும்போது ஓடும் நிரல்) எழுதுகிறேன். நிரலில் ஃப்ளோட், டபுள் என்ற மிதவைப்புள்ளி (தசம எண்) வகைகள் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு ஸ்ட்ரக்சரை நகலெடுக்கும் வரியில் வந்து நின்றுவிடுகிறது. ஏன் ஐயா?

பதில்: அந்த இடத்தை ஆப்ஜ்டம்ப் என்ற கருவியில் பிரித்துப் பாருங்கள், 'எல்டிஆர் கியூ0' (நினைவகத்திலிருந்து எடு), அடுத்து 'எஸ்டிஆர் கியூ0' (நினைவகத்தில் வை) என்று இருக்கும். தண்ணீர் லாரி வந்துவிட்டால் நம் தெருவில் யாரும் சொம்பை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை, குடத்தைத்தான் தூக்குவார்கள். நிரலைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரும் அப்படியே, மிதவைப்புள்ளிப் பிரிவில் உள்ள 128 பிட் அகல கியூ ரெஜிஸ்டரால் (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) 16 பைட்டை ஒரே முறையில் அள்ளிவிடுகிறது. அதற்கு இது கணக்கு வேலை அன்று, வெறும் சுமை தூக்கும் வேலை. ஆனால் அந்தப் பிரிவுக்கு அனுமதி தரும் சிபிஏசிஆர் ரெஜிஸ்டரின் 20, 21ஆம் பிட்டுகளை உங்கள் பூட்லோடர் இன்னும் 1 ஆக்காததால், மிதவைப்புள்ளிப் பிரிவைத் தொட்டவுடன் டிராப் ஆகிறது, அதாவது சிப் அந்த வேலையை நிறுத்திவிட்டுப் பிழையைக் கையாளும் நிரலுக்குத் தாவுகிறது. அந்த நிரலும் அந்நேரம் தயாராக இல்லாததால் எல்லாம் உறைந்துபோகிறது. நானும் இதில் இரண்டு இரவுகளைத் தொலைத்தவன்தான்.

மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களைத் தொடாதே என்று கம்பைலரிடம் சொல்லும் '-எம்ஜெனரல்-ரெக்ஸ்-ஒன்லி' என்ற ஆப்ஷனைக் கொடுங்கள். லினக்ஸ் கெர்னலும் இந்தச் சிப்புகளுக்கு இதையே கொடுத்துத் தொகுக்கப்படுகிறது. தவறி எங்காவது டபுளில் கணக்குப் போட்டிருந்தால் தொகுக்கும்போதே பிழை காட்டிவிடும் என்பது கூடுதல் லாபம். ஆனால் ஏற்கெனவே தொகுத்து வைத்த நூலகத்தில் உள்ள, நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனை இந்த ஆப்ஷன் மாற்றாது. அதை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி (திருவொற்றியூர்): ஆப்டிமைசேஷனை (கம்பைலர் நிரலை மெருகேற்றுவதை) ஓ0 ஆக்கி நிறுத்தினால் போதாதா?

பதில்: போதாது. பிரிண்ட்எஃப் போல எத்தனை மதிப்புகளையும் ஏற்கும் ஃபங்ஷன், ஓ0 நிலையிலும் தன் தொடக்கத்தில் மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர்களைச் சேமித்து வைக்கும்.

கேள்வி (காசிமேடு): மீன் எடைபோடும் தராசு செய்கிறேன், கார்டெக்ஸ் எம்4 சிப், அதில் எஃப்பியூவும் (மிதவைப்புள்ளிப் பிரிவு) உண்டு. எல்லா மாறிகளும் ஃப்ளோட்தான். பிறகு ஏன் '__ஏஇஏபிஐ_டிமுல்' என்ற டபுள் பெருக்கல் ஃபங்ஷன் உள்ளே வருகிறது?

பதில்: 'எடை * 0.1' என்று எழுதியிருப்பீர்கள். சி மொழியில் வெறும் 0.1 என்பது டபுள். அதனுடன் பெருக்கும்போது எடையும் டபுளாகிவிடுகிறது. எம்4இன் எஃப்பியூவுக்கு ஒற்றைத் துல்லியம், அதாவது ஃப்ளோட், மட்டுமே தெரியும் என்பதால், மீதி வேலையை மென்பொருள் நூலகம் நிதானமாகச் செய்கிறது. எண்ணுக்குப் பின்னால் ஓர் எஃப் சேர்த்து '0.1எஃப்' என்று எழுதுங்கள். '-டபிள்யூடபுள்-ப்ரமோஷன்' கொடுத்தால் இப்படிப்பட்ட வரிகளைக் கம்பைலரே சுட்டிக்காட்டும். என்னைக் கேட்டால், கிராமை முழு எண்ணாக வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது மட்டும் புள்ளி வைப்பேன்.