பாகம் மாறினால் நம்பரும் மாறணும்

(கோவையில் ஒரு மோட்டார் பம்பு ஆலையின் ட்ராயிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, வடிவமைப்புத் தகவல் பிரிவின் தலைமைப் பொறுப்பில் ஓய்வு பெற்றவர் நம் பட்டறைப் பகுதியின் பதிலாளர். இந்த மாதம் பி.எல்.எம். (ப்ராடக்ட் லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட்) மென்பொருள் பற்றிய கேள்விகளே குவிந்துவிட்டதால், அவற்றுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறார்.)

வணக்கம் மேடம். மோனோபிளாக் பம்பு செய்கிறோம், நாற்பது பேர் வேலை பார்க்கும் பட்டறை. கணக்குக்கு டேலி, மற்ற எல்லாவற்றுக்கும் எக்செல். போன வாரம் ஒரு சாஃப்ட்வேர் விற்பனையாளர் வந்து, 'டிசைன் ஆரம்பிக்கிறதுல இருந்து மாடலை நிறுத்துற வரைக்கும் எல்லாத்தையும் பி.எல்.எம். பார்த்துக்கும்' என்றார். சொன்ன விலையில் என் டீ ஆறிப்போய்விட்டது. எங்களுக்கு இது தேவையா?
*வாசகர், கணபதி, கோவை*

அடுத்த முறை விலையை டீக்கு அப்புறம் கேளுங்கள்.

டேலிக்கு ஸ்டோரில் எத்தனை இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) இருக்கிறது, என்ன விலை என்று தெரியும். அந்த இம்பெல்லரை எந்த ட்ராயிங்கைப் பார்த்து வார்த்தார்கள், போன வருடம் அந்த ட்ராயிங் ஏன் மாறியது, யார் சம்மதித்தார், மாறுவதற்கு முன்னால் செய்தவை எந்தெந்தப் பம்புக்குள் போயின என்பதெல்லாம் தெரியாது. இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பதுதான் பி.எல்.எம். விற்பனையாளர் சொன்ன மாதிரி 'எல்லாத்தையும் பார்த்துக்கும்' என்பதெல்லாம் கிடையாது. பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் ஆட்கள். அவர்கள் பார்த்தார்களா என்பதை மென்பொருள் எழுதி வைக்கும், பார்க்காமல் தாண்டிப்போக விடாது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள், செலவில்லாதது. முன்கூட்டிச் சொல்லாமல், உங்கள் 1 எச்.பி. பம்பின் இம்பெல்லர் ட்ராயிங்கை மூன்று பேரிடம் கேட்டு வாங்குங்கள்: உங்கள் டிசைனர், பர்சேஸில் இருப்பவர், வார்ப்பு போட்டுத் தரும் ஃபவுண்டரிக்காரர். மூன்றும் ஒரே ரிவிஷன் (திருத்தப் பதிப்பு) என்றால் எக்செல்லே இன்னும் சில வருடம் தாங்கும். ஃபவுண்டரியில் இருந்து வருவது எப்போதோ வாட்ஸ்அப்பில் போன ஒரு போட்டோவாக இருந்தால், உங்களுக்கு ஏதோ ஒன்று தேவைதான். ஆனால் அந்த ஏதோ ஒன்று டீம்சென்டர், விண்ட்சில் என்ற பெரிய பி.எல்.எம். மென்பொருள்கள் அளவுக்குப் போக வேண்டியதில்லை. அவை நூற்றுக்கணக்கான டிசைனர்கள் பல ஊரில் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்கானவை. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரி ஓப்பன் சோர்ஸ் மென்பொருளிலேயே பாகப் பட்டியலைப் பதிப்பு பதிப்பாக வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை உறுதி செய்த பட்டியலைத் தொட விடாது, புதுப் பட்டியல் போடு என்று சொல்லும். உங்கள் அளவுக்கு அந்தக் கண்டிப்பு போதும்.

வாகன உதிரிபாகக் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருக்கிறேன். ஒரு பாகத்தில் மாற்றம் செய்தால் ரிவிஷன் எழுத்தை மட்டும் ஏற்று, புது பார்ட் நம்பர் கேட்காதே என்கிறார் மேனேஜர். எப்போது ரிவிஷன், எப்போது புது நம்பர்?
*வாசகர், ஓசூர்*

தம்பி, இந்த மாதம் வந்ததில் இதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பழைய பாகத்தையும் புதிய பாகத்தையும் ஒரே டப்பாவில் கலந்து போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் எதை எடுத்து மாட்டினாலும், பழைய வண்டியிலும் புதிய வண்டியிலும் ஒரே மாதிரி பொருந்தி, ஒரே மாதிரி வேலை செய்யுமா? செய்யும் என்றால் ரிவிஷன் போதும். எழுத்துப் பிழையைத் திருத்தியது, வேறு யாரும் தொடாத ஒரு மூலையில் டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கத்தை) தளர்த்தியது எல்லாம் இந்த வகை. செய்யாது என்றால், மாற்றம் அரை மில்லிமீட்டராக இருந்தாலும் புது நம்பர்தான். உருவம், பொருத்தம், செயல்பாடு மூன்றில் ஒன்று மாறினாலும் அது வேறு பாகம்.

எங்கள் பம்பு உலகத்தில் இருந்து ஒரு உதாரணம். மோட்டாரில் 6204 பேரிங் சீக்கிரம் தேய்கிறது, 6304 போடலாம் என்று முடிவு செய்கிறீர்கள். இரண்டுக்கும் உள்விட்டம் 20 மி.மீ. தான், அதனால் பலரும் 'ஷாஃப்ட் அதேதானே' என்று விட்டுவிடுவார்கள். ஆனால் வெளிவிட்டம் 47-இல் இருந்து 52 ஆகிறது, அகலம் 14-இல் இருந்து 15 ஆகிறது. எண்ட் கவரில் பேரிங் உட்காரும் குழி பெரிதாகிறது, அதனால் எண்ட் கவருக்குக் கட்டாயம் புது நம்பர். கூடுதல் ஒரு மி.மீ. அகலத்துக்காக ஷாஃப்ட்டின் தோள் நகர்ந்தால் ஷாஃப்ட்டுக்கும் புது நம்பர். சரி, முழு மோட்டாருக்கு? அடிபோல்ட் இடைவெளி, ஷாஃப்ட் முனை, குதிரைத்திறன் எதுவும் மாறவில்லை, வாங்குபவர் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம் என்றால் மோட்டார் நம்பர் அப்படியே இருக்கட்டும். நம்பர் மாற்றம் கீழிருந்து ஏறி, ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பொருத்த முடிகிற படியில் நின்றுவிடும். ஆனால் எந்த சீரியல் நம்பரில் இருந்து 6304 என்பதைக் குறித்து வைக்காவிட்டால், சர்வீஸ்காரர் கிணற்றடியில் இரண்டு பேரிங்கையும் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

இதை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே கோபால்ட் முதலான கார்களில் சாவி போடும் இக்னிஷன் ஸ்விட்ச் லூசாக இருந்தது. ஓடும்போதே சாவி தானாகத் திரும்பி என்ஜின் நின்றுவிடும், ஏர்பேக்கும் விரியாது. 2006-இல் ஸ்விட்சுக்குள் இருக்கும் சின்ன ஊசியையும் ஸ்பிரிங்கையும் நீளமாக்கி ஸ்விட்சை இறுக்கினார்கள். மாற்றத்துக்கு ஒப்புதல் கையெழுத்தும் இருந்தது. பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை. கோளாறான ஸ்விட்சுக்கும் திருத்திய ஸ்விட்சுக்கும் ஒரே நம்பர். கம்பெனிக்குள் விசாரித்தவர்களுக்குப் பிற்கால மாடல்களில் மட்டும் ஏன் பிரச்சினை இல்லை என்று வருடக்கணக்காகப் பிடிபடவில்லை. காகிதத்தில்தான் இரண்டும் ஒரே பாகமாயிற்றே! கடைசியில், பாதிக்கப்பட்ட ஒரு குடும்பம் தொடுத்த வழக்கில், வழக்கறிஞர் தரப்புப் பொறியாளர் இரண்டு ஸ்விட்சையும் பிரித்து அளந்தபோதுதான் ஊசியின் நீளம் வேறு என்று வெளியே வந்தது. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

உங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. புது நம்பர் என்றால் பர்சேஸுக்குப் புது ரேட், புது ஆர்டர், ஸ்டோரில் புது இடம் என்று தலைவலி. அந்தத் தலைவலி ஒரு வாரத்தில் தீரும். டப்பாச் சோதனையை அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள், வாதம் வேண்டாம்.

ட்ராயிங்கில் ரிவிஷன் எச்-க்கு அப்புறம் ஜே வருகிறது. ஐ எங்கே போனது?
*பாலிடெக்னிக் மாணவி, பாளையங்கோட்டை*

ஐ என்றால் ஒன்று மாதிரி இருக்கும், ஓ என்றால் சைபர் மாதிரி இருக்கும், அதனால் விட்டுவிடுவார்கள் கண்ணு. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. முறையில் க்யூ, எஸ், எக்ஸ், இசட்டும் கிடையாது. அந்தக் காலத்து ட்ராயிங் நகலான அம்மோனியா பிரிண்ட் மங்கிப்போய், எஸ்-ஸா ஐந்தா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முன்பெல்லாம் ஒரு மாற்றம் என்றால் மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு அன்றைக்கே செய்துவிடுவோம். மென்பொருள் வந்த பிறகு ஒரு ஈ.சி.என். (வடிவமைப்பு மாற்ற அறிவிப்பு) ஒப்புதலாகி வர மூன்று வாரம் ஆகிறது. இதற்குப் பழைய முறையே மேல் இல்லையா?
*உற்பத்தி மேலாளர், திருமுடிவாக்கம்*

ஐயா, உங்கள் ஈ.சி.என். எத்தனை பேரிடம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். மென்பொருள் நிறுவும்போது 'என்னையும் சேர்த்துக்கோ' என்று ஆளாளுக்குக் கேட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் பட்டியலில் ஏறியிருப்பார்கள். மாற்றத்தால் தன் வேலை மாறுகிறவர் மட்டும் கையெழுத்துப் போடட்டும்: டிசைன், உற்பத்தி, க்யூ.சி., பர்சேஸ். மீதிப் பேருக்குத் தகவல் போனால் போதும். ஒரே நேரத்தில் நால்வருக்கும் போகிற மாதிரி வையுங்கள். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வைத்தால், நடுவில் ஒருவர் லீவு போட்டால் கதை முடிந்தது.

மாடிக்குப் போய்ச் சொன்ன காலத்தில் மாற்றம் ஒரு நாளில் நடந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். ஜாப் ஒர்க் செய்பவருக்கு அது எப்போது போய்ச் சேர்ந்தது? நான் பார்த்த வரை, நான்கு மாதம் கழித்துப் பழைய அளவில் ஒரு லாட் வந்து இறங்கும்போதுதான் அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதே தெரியும்.

ஈ.சி.என். எழுதும்போது மூன்று இடத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஸ்டோரில் இருப்பதை என்ன செய்வது? லைனில் பாதி வேலையில் இருப்பதை என்ன செய்வது? ஏற்கெனவே வாடிக்கையாளரிடம் போனதை என்ன செய்வது? மூன்றாவதைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். 'ஸ்டாக் தீர்ந்ததும் அமல்' என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஸ்டாக் தீரவே தீராது. லைனில் இருந்து திரும்பி வந்தது, ஷெல்ஃப் பின்னால் கிடந்தது என்று பழைய பாகம் வந்துகொண்டே இருக்கும். தேதி போடுங்கள், முடிந்தால் சீரியல் நம்பர் போடுங்கள். மிஞ்சியதை ஸ்கிராப் செய்யப் பயப்படாதீர்கள்.

உலகத்தின் பெரிய கம்பெனிகளிடம் பெரிய மென்பொருள் இருக்கிறது. அங்கே இந்த மாதிரிக் குழப்பம் வராதுதானே?
*பொறியியல் மாணவர், சென்னை*

வரும். ஏர்பஸ் ஏ380 விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்கம்பி மட்டும் சுமார் 530 கி.மீ. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உடற்பகுதியைச் செய்து கம்பியையும் பூட்டி, பிரான்ஸில் உள்ள துலூஸுக்கு அனுப்பினார்கள். இணைக்கப் பார்த்தால் பல இடத்தில் கம்பி எட்டவில்லை. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் காட்டியா என்ற வடிவமைப்பு மென்பொருளின் நான்காம் பதிப்பு, பிரான்ஸிலும் பிரிட்டனிலும் ஐந்தாம் பதிப்பு. ஒன்றில் செய்த மாற்றம் மற்றதில் சரியாக ஏறவில்லை. விமானம் சுமார் இரண்டு வருடம் தாமதமாகி, 2007 அக்டோபரில்தான் முதலாவது சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குக் கிடைத்தது. உன் ப்ராஜெக்ட் குழுவில் நான்கு பேரும் ஒரே பதிப்பு வைத்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே கேட்டுவிடு.

பம்பு டீலராக இருக்கிறேன். கம்பெனி ஒரு ஓபன்வெல் மாடலை நிறுத்திவிட்டது. எங்கள் பக்கம் கிணற்றில் அது இன்னும் நன்றாக ஓடுகிறது. இம்பெல்லர் கேட்டால் 'அந்த மாடல் சிஸ்டத்துலயே இல்லைங்க' என்கிறார்கள். விவசாயிக்கு என்ன பதில் சொல்வது?
*வாசகர், தேனி*

சிஸ்டத்தில் இல்லாமல் எங்கே போகும்? யாரோ ஒருவர் ஒரு டிக் போட்டு மறைத்திருப்பார்.

விற்பனையை நிறுத்தும் தேதி வேறு, ஸ்பேர் நிறுத்தும் தேதி வேறு. நடுவில் பல வருடம் இருக்க வேண்டும். நல்ல மென்பொருள் எல்லாவற்றிலும் இதற்கு வழி உண்டு. பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் எஸ்.ஏ.பி. மென்பொருளில் ஒரு பாகத்தை வாங்குவதைத் தனியாகத் தடுக்கலாம், விற்பதைத் தனியாகத் தடுக்கலாம். நான் மேலே சொன்ன ஈஆர்பிநெக்ஸ்ட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆயுள் முடியும் தேதி என்று ஒரு கட்டம் உண்டு. நீங்கள் எதுவும் போடாவிட்டால் அதுவே 31-12-2099 என்று போட்டுக்கொள்ளும். அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்த கம்பெனிகள் குறைவு. எல்லாமே 2099 வரை உயிரோடு இருக்கும், அல்லது கோபத்தில் ஒரே நாளில் மறைந்துவிடும்.

கம்பெனிக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்கிறேன். மாடலை நிறுத்தும் முன், ஒவ்வொரு பாகமும் வேறு எந்த மாடலில் போகிறது என்று தேடிப் பாருங்கள், அதற்கு ஒரு பட்டனே இருக்கிறது. பொதுப் பாகத்தைத் தடுத்தால் ஓடுகிற மாடலும் நிற்கும். அந்த மாடலுக்கு மட்டும் உரிய இம்பெல்லரையும் கேசிங்கையும் கடைசியாக ஒரு லாட் வார்த்து வையுங்கள். ஃபவுண்டரியில் கிடக்கும் பேட்டர்னை (வார்ப்புக்கான மாதிரியை) உடைக்கலாமா என்பதை எழுத்தில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இடம் வேண்டும் என்று அவர்களே உடைத்துவிடுவார்கள். எலெக்ட்ரானிக் பேனல் இருந்தால் இன்னும் கவனம். சிப் செய்பவர் நிறுத்தப்போகிறேன் என்று அறிவித்தால், வழக்கமாகக் கடைசி ஆர்டருக்கு ஆறு மாதம், கடைசி சப்ளைக்கு ஒரு வருடம்தான். அதற்குள் எத்தனை வருடத்துக்கு எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டு வாங்கிவிட வேண்டும்.

உங்களுக்கு: பம்பின் நேம் பிளேட்டைப் போட்டோ எடுத்து, சீரியல் நம்பரோடு கம்பெனிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 'இம்பெல்லர் இருக்கா' என்று கேட்காமல், 'இந்தப் பாகத்துக்கு மாற்று நம்பர் என்ன' என்று கேளுங்கள். பெரும்பாலும் அடுத்த மாடலின் இம்பெல்லரே பொருந்தும், போனை எடுப்பவருக்குத்தான் அது தெரியாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. வேளாண் கருவிகளும் அதில் ஒரு பிரிவு. உங்கள் கம்பெனி அதில் தகவல் கொடுத்திருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

சர்வர் நிரம்பிவிட்டது. நிறுத்தப்பட்ட மாடல்களின் ட்ராயிங்குகளை அழித்துவிடலாமா மேடம்?
*வாசகி, ஈரோடு*

கூடாது. 'வழக்கொழிந்தது' என்று குறியிட்டு, பட்டறை ஆட்கள் கண்ணில் படாத மாதிரி தனியாக வையுங்கள். அதோடு, அவற்றை வரைந்த கேட் (கணினி வடிவமைப்பு) மென்பொருளின் பழைய பதிப்பு பதினைந்து வருடம் கழித்துத் திறக்காது. இப்போதே ட்ராயிங்கை பி.டி.எஃப்.-ஏ வடிவத்திலும், முப்பரிமாண மாடலை ஸ்டெப் வடிவத்திலும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். இரண்டும் ஐ.எஸ்.ஓ. தரம், எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. சர்வரை நிரப்புவது ட்ராயிங்காக இருக்காது, யாராவது ஆயுத பூஜை வீடியோவை அதில் போட்டிருப்பார்கள். முதலில் அதைத் தேடுங்கள்.