பதில்: காபி வடியும் கீபோர்டு கவருக்கு பேட்டண்ட் தேறுமா?

சிலிகோன் கீபோர்டு கவர், அதன் ஓரத்தில் காபி வடிய ஒரு வாய்க்கால்; இதற்கு அமெரிக்க பேட்டண்ட் கிடைக்குமா என்று படத்தோடு கேட்டிருந்தீர்கள். இப்படியே எழுதினால் தேறாதுங்க. கவரும் பழசு, வடிகாலும் பழசு. தெரிந்த இரண்டைச் சேர்த்து, எதிர்பார்த்த பலனே வந்தால் அது வெளிப்படையானதுதான் (துறை தெரிந்த எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது) என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2007 கேஎஸ்ஆர் தீர்ப்பைப் பேட்டண்ட் பரிசோதகர் எடுத்துப் போடுவார். 'யாரும் இதுவரை செய்யவில்லை' என்பது புதுமைக்குத்தான் பதில், இந்த 'வெளிப்படை' ஆட்சேபத்துக்கல்ல.

உங்கள் படத்தில் பிழைக்கக்கூடியது வேறு: சாவிகளுக்கு நடுவே கவர் மெலிந்து மடிகிற இடம். தட்டும்போது அந்த மடிப்பே நீரை ஓரத்துக்குத் தள்ளுகிறதென்றால் கிளெய்மை (பேட்டண்டில் உரிமை கோரும் வாசகத்தை) அதன்மேல் கட்டுங்கள். மடிப்புள்ள கவர், இல்லாத கவர் இரண்டிலும் 50 மில்லி ஊற்றி, வடிந்ததை அளந்து தேதியோடு குறியுங்கள். அதற்குமுன் கூகுள் பேட்டண்ட்ஸில் ஹெச்01ஹெச் 13/06 (H01H 13/06) என்ற, நீர், தூசி புகாத சுவிட்ச் உறைகளுக்கான வகைப்பாட்டைத் துழாவுங்கள். ஏற்கெனவே விற்பனைக்கு விட்டிருந்தால், அமெரிக்காவில் விண்ணப்பிக்க அன்றிலிருந்து ஒரு வருடம்தான் கெடு.