காணிக்கைப் பெட்டியில் போட்டால் கணக்கு தீராதுங்க

பிரதர், ஈரோட்டுல மஞ்சள் வாங்கும் உங்க தராசு மூட்டைக்கு 1 கிலோ குறைச்சுக் காட்டியது தெரிஞ்சும் விட்டுட்டீங்க. அந்தப் பணத்தைக் காணிக்கையாப் போடலாமான்னு கேட்கறீங்க. வேண்டாங்க, அது விவசாயி பணம். பைபிளில் எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்து, நஷ்டப்பட்டவருக்கே கொடுக்கச் சொல்லுது.

பில் புக்கை எடுங்க. 40 மூட்டை போட்டவருக்கு 40 கிலோ பாக்கி, ஐந்திலொன்று 8. ஆக 48 கிலோவுக்கு அன்றைய விலை. இப்போ விலை இறங்கியிருந்தாலும் அன்றைய விலைதான். வீட்டுக்கே போய், "எடையில குறைச்சு எடுத்துட்டேனுங்க"ன்னு சொல்லிக் கொடுங்க. போனஸ்னு நீட்டினா அது இன்னொரு பொய். ஆள் இல்லைன்னா வாரிசுக்கு. உறவே இல்லாதபோதுதான் 5:8 அதைக் கர்த்தருக்குன்னு சொல்லுது.

தராசைப் பழுது பார்த்து, எடை சரின்னு அரசு அதிகாரி போடும் மறுமுத்திரை வாங்கும் வரை ஒரு மூட்டைகூட அதில் ஏத்தாதீங்க.